ஒரு தனிக் கரண்டி கேட்டால்

"நம்மூர் சாப்பாடு அரிசிச் சாப்பாடுதானே, உனக்கென்ன கவலை?" இதை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. சொந்தபந்தம், கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்கள், ஒரு மருத்துவர்கூடச் சொன்னார். எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடம்பின் எதிர்ப்புச் சக்தி என் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்து போகும். இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டனைத் தொடாமல் இருப்பது ஒன்றுதான் வைத்தியம். அதனால் அந்த ஆறுதல் வாக்கியத்தை ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு வசதியில்லை. அது பொய்.

குன்னத்தூர்க்காரனுக்குத் தெரிந்த சாதாரண டிபன் கடைக்கே வாருங்கள். இட்லி அரிசியும் உளுந்தும்தான், சரி. மேலே ஊற்றும் சாம்பாரில் பெருங்காயம் இருக்கிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்மானமாக இருக்கும். அடுத்தது தோசை. மாவில் பிசகில்லை, கல்லில்தான் பிசகு. அதே கல்லில் இப்போதுதான் ரவா தோசை வார்த்து எடுத்தார்கள், அதற்கு முன்னால் சப்பாத்தி போட்டார்கள். சாயங்காலம் ஆனால் பரோட்டாக் கல்லில்தான் ஆம்லெட்டும். திருப்புகிற கரண்டி ஒன்றே, மாவைத் தொட்ட கையும் ஒன்றே. உளுந்து வடை வெந்த எண்ணெயில்தான் பூரியும் சமோசாவும் வெந்தன. சில்லி சிக்கனில் மைதா, அதில் ஊற்றும் சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை. குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் மால்ட் பானத்தில் பார்லி. இதுதான் அந்த 'அரிசிச் சாப்பாடு'.

"கொஞ்சூண்டு பட்டா ஒண்ணும் பண்ணாதுங்க" என்பது அடுத்த பதில். பண்ணும். கார்லோ கட்டாசியும் அவரது இத்தாலியக் குழுவும் 2007ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனதிலேயே சீலியாக் நோயாளிகளின் குடல் பாதிக்கப்பட்டது தெரிந்தது. 50 மில்லிகிராம் என்றால் கிட்டத்தட்ட அரை கிராம் கோதுமை மாவில் இருப்பது. ஒரு சிட்டிகை. பரோட்டாக் கல்லைத் துணியால் துடைத்தால் அது போய்விடும் என்று யாரும் எனக்கு உத்தரவாதம் தர முடியாது. வயிற்று வலி வராவிட்டாலும் உள்ளே சேதம் நடக்கலாம். ரத்தசோகையும் எலும்புத் தேய்வும் சத்தமில்லாமல்தான் வரும்.

"இதெல்லாம் வடக்கத்திக்காரங்க வியாதி" என்பார்கள். பாதி நிஜம். எய்ம்ஸ் மருத்துவர் கோவிந்த் மகாரியா, வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய பி.எஸ்.ராமகிருஷ்ணா உள்ளிட்டோர் 23,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2016ல் வெளியிட்ட ஆய்வில், வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கும், தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. ஆனால் அதற்கான மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில். அங்கே ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். நம்மைக் காப்பாற்றியது நம் ரத்தம் இல்லை, கம்பும் ராகியும் அரிசியும்தான். இப்போது கொங்கு நாட்டு வீடுகளில் களி போய், சுகர் வந்தவருக்கு ராத்திரி சப்பாத்தி, பிள்ளைகளுக்கு நூடுல்ஸ், ஓவர்டைம் முடிந்து வருபவருக்கு பரோட்டா என்றாகிவிட்டது. போதாததற்கு, நம் பனியன் கம்பெனிகளே பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்களின் கையால்தான் ஓடுகின்றன. அந்த 'வடக்கத்தி வியாதி' நம் லைன் வீடுகளில் குடியிருக்கலாம், ரத்தம் குறைவு என்று சத்து டானிக்கும் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கலாம்.

கடைக்காரரிடம் கேட்டால், "தனித்தனியா வெக்கறதுக்கு ஆவுங்களா தம்பி?" என்கிறார். திருப்பூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. தையல் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால், அதன் துண்டு துணுக்கெல்லாம் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தபிறகுதான் புது ஊசி தருகிறோம். குழந்தைச் சட்டை மெட்டல் டிடெக்டரைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகிறது. ஆர்கானிக் பருத்திச் சான்றிதழ் வேண்டுமென்றால் சாதாரண நூலோடு அது கலக்கவே கூடாது என்று பஞ்சிலிருந்து பேக்கிங் வரை காகிதம் வைத்திருக்கிறோம். கலர் நூல் ஓட்டிய நிட்டிங் மெஷினில் வெள்ளை ஓட்டுவதற்கு முன் பறந்து ஒட்டிய பஞ்சை ஊதித் தள்ளுகிறோம். ஐரோப்பியக் குழந்தையின் தோலுக்காக இவ்வளவு தெரிந்த ஊருக்கு, நம்மூர்க் குழந்தையின் குடலுக்காக ஒரு தோசைக் கல்லைத் தனியாக வைக்கத் தெரியாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசந்தாலும். தனியாக வைப்பதில் நமக்குப் பழக்கமில்லை என்பது சுத்தப் பொய். டீக்கடைகளில் தலித்துகளுக்கு இரட்டைக் குவளை வைத்த மேற்கு மாவட்டங்கள் நம்முடையவை. எந்தக் குவளை யாருக்கு, எதை எங்கே கழுவ வேண்டும் என்பதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. மனிதனை இழிவுபடுத்த அத்தனை ஒழுங்காகப் பிரித்தவர்களுக்கு, உயிரைக் காக்க ஒரு கரண்டியைப் பிரிப்பது மட்டும் ஆகாத காரியமாகிவிடுகிறது. திறமையில் குறையில்லை. எதற்காகப் பிரிப்போம் என்பதில்தான் கோளாறு.

சட்டம் கொஞ்சம் இருக்கிறது. பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சடிக்க, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள்படி, மத்திய உரிமம் பெற்றவையோ 10 இடங்களுக்குக் குறையாமல் கிளை உள்ளவையோ ஆன ஓட்டல்கள் ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலைத் தர வேண்டும். ஆனால் நான் சாப்பிடுவது மெஸ்ஸில், பேக்கரியில், பைபாஸ் ஓரக் கடையில். அங்கே இந்த விதி வராது. பாஸ்தாவையே மூச்சாகக் கொண்ட இத்தாலி 2005ல் தனிச் சட்டம் போட்டு, பள்ளி, மருத்துவமனை, அரசு உணவகங்களில் கேட்பவருக்குக் குளூட்டன் இல்லாத சாப்பாடு தரவேண்டும் என்றது. கோதுமை நாட்டுக்கு முடிந்தது, அரிசி நாட்டுக்கு அதைவிடச் சுலபமாக முடியவேண்டும்.

குளூட்டனை விட்டால் இளைக்கலாம் என்று கிளம்பிய நாகரிகக் கூட்டத்தின் மேலும் எனக்குக் கோபமுண்டு. அவர்களால்தான் நான் கேட்கும்போது சப்ளையர் சிரிக்கிறார். ஆனால் அவர்களைக் காட்டி என்னை ஒதுக்குவது நியாயமாகாது.

நான் கேட்பது பெரிய முதலீடு இல்லைங்க. அரிசி மாவு கலந்த பெருங்காயம் வாங்குங்கள், கடையில் கிடைக்கிறது. ஒரு சின்னக் கல், ஒரு கரண்டி, ஒரு வாணலி தனியாக வையுங்கள். அதுவும் முடியாதா, காலையில் ரவா தோசையும் சப்பாத்தியும் தொடங்கும் முன், தேய்த்துக் கழுவிய கல்லில் எனக்கு இரண்டு தோசை ஊற்றிக் கொடுங்கள். எதுவுமே முடியாதென்றால் "தெரியலைங்க, எங்ககிட்ட வேண்டாம்" என்று சொல்லுங்கள். அந்தப் பதிலுக்கு நான் நன்றி சொல்லிவிட்டுப் பட்டினியாகப் போவேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங், சாப்புடுங்க" என்ற உபசரிப்புதான் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது. விருந்தோம்பலுக்குப் பேர் போன ஊர் நம்முடையது என்கிறோம். விருந்தாளி எதைத் தின்றால் சாவான் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் அதில் அடக்கம்.