திராட்சைப் பெட்டிகளும் மலைப்பாதையும்



சுருளிப்பட்டித் தோட்டங்களில் விளையும் பன்னீர்த் திராட்சையை 1832ஆம் ஆண்டில் தமிழகத்துக்குக் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்று சொல்லப்படுவதை நீங்கள் அறிவீர்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெருமைதான். ஆயினும், கொய்த பழம் குமுளி மலையேறிக் கேரளச் சந்தையைச் சேரும்போது எந்நிலையில் இருக்கிறது என்பதில்தான் நம் குடும்பங்களின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. எனவே, லாரியில் சரக்கு நகராமல் காப்பது குறித்து இம்மாதம் எழுதுகிறேன். குருவானவருக்கு இதில் என்ன வேலை என்பீர்களாயின், திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். புனித பவுல் சென்ற கப்பல் புயலில் அகப்பட்டபோது, மாலுமிகள் அதை வடங்களால் சுற்றிக் கட்டியதையும், மறுநாள் சரக்கைக் கடலில் எறிந்ததையும் புனித லூக்கா எத்துணை நுணுக்கமாக எழுதி வைத்துள்ளார்!

வளைவில் வண்டி திரும்புகிறது; பெட்டியோ நேரே செல்லவே முயல்கிறது. வேகம் இரு மடங்கானால், பக்கவாட்டில் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஏற்றத்தில் சரக்கு பின்கதவின்மேல் சாயும். குமுளியைக் கடந்து, பீர்மேடு, குட்டிக்கானம் வழியே முண்டக்கயத்துக்கு இறங்கும்போது அதுவே முன்னோக்கி அழுத்தும். ஐரோப்பிய நாடுகளின் விதி, 1 டன் சரக்கு பிரேக் பிடிக்கையில் 800 கிலோ எடைக்கு ஈடான விசையோடு முன்னே பாயும் என்றும், பக்கவாட்டில் 500 கிலோ அளவுக்குத் தள்ளும் என்றும் கணக்கிட்டுக் கட்டச் சொல்கிறது. வெறும் தார்ப்பாய் இதைத் தாங்குமா?

கயிற்றை விட முதலில் கவனிக்க வேண்டியது இடைவெளியே. நான்கு விரற்கடை இடம் இருந்தாலும் பெட்டி ஓடும். ஓடிய பெட்டி மோதும். பன்னீர்த் திராட்சையின் தோல் மெல்லியது. குலுங்கினால் பழம் காம்பிலிருந்து உதிரும். நசுங்கிய ஒரு பழத்தின் சாறு பட்டு அருகிலுள்ளவையும் பூசணம் பிடிக்கும். ஆகையால் முன்பலகையை ஒட்டி அடுக்கத் தொடங்கி, மிஞ்சும் சந்துகளில் சாக்கையோ வைக்கோலையோ இறுகத் திணித்துவிட வேண்டும். ஈரமான இரும்புத் தளத்தில் பிளாஸ்டிக் பெட்டி எளிதில் வழுக்கும். அடியில் சாக்கு விரித்தால் பிடிப்பு உண்டாகும். பெட்டியில் விளிம்புக்கு மேல் பழத்தைக் குவிப்பது வீண் ஆசை. மேற்பெட்டியின் எடை விளிம்பில் அமராமல் பழத்தின்மேல் அமரும். அடுக்கும் ஆட்டம் காணும்.

புறப்படும்போது இறுக்கிய கயிறு அப்படியே இருக்கும் என்று எண்ணற்க. ஓட்டத்தின் அதிர்வில் அடுக்கு சற்றே அமிழ, கயிறு தளரும். மலையடிவாரமான லோயர் கேம்ப்பில் வண்டியை நிறுத்தி மீண்டும் இறுக்குவது நன்று. ஒரு தேநீர் அருந்தும் நேரம்தான் ஆகும்.

ஊர் ஊராக இறக்கிச் செல்லும் வண்டிக்கு ஆபத்து இன்னும் மிகுதி. முதற்கடையில் இருபது பெட்டிகளை இறக்கியதும், அதுவரை ஒன்றையொன்று தாங்கி நின்றவை தாங்கலை இழக்கின்றன. கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்றி, ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் எஞ்சியதைச் சேர்த்துக் கட்ட வேண்டும். ‘பாதி வண்டிதானே’ என்று கட்டாமல் விடுவது பெரும் அசட்டை.

தார்ப்பாய் பறக்காதிருக்கச் சுமை தூக்கும் தம்பிமாரைச் சரக்கின்மேல் உட்கார வைப்பதை எவ்வாற்றானும் ஏற்க இயலாது. சரக்கு சரிந்தால் முதலில் விழுபவர் அவரே. கூலிக்காக அவர் மறுக்கமாட்டார். தோட்டக்காரரும் வண்டிக்காரருமே மறுக்க வேண்டும்.

திரும்பி வரும் காலிப் பெட்டிகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. அவை எடையற்றவை, இறக்கத்தில் காற்றுக்கு எழும்பி, பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் முகத்தில் அடிக்கக்கூடும். ஒன்றனுள் ஒன்றாகச் செருகக்கூடியவையாயின் அவ்வாறே செருகி, மேலே குறுக்காக இரண்டு கயிறுகள் போட்டாலே போதும்.