மன்னார் காற்றாலைகளும் வங்காலைப் பறவைகளும்: நாம் ஏன் பேசாமல் இருக்கிறோம்?

பறவைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று ஆசிரியர் அறையில் சொன்னபோது சக ஆசிரியர் ஒருவர் சிரித்தார். “எங்கட சமூகத்துக்கு இருக்கிற பிரச்சினைகளுக்குள்ள பறவையா சேர்?” என்று கேட்டார். அவருடைய கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். காணி, மீள்குடியேற்றம், தொழில், பாடசாலை வளம் என்று பேச வேண்டியவை எமக்கு நிறையவே இருக்கின்றன. ஆனால் மன்னாரைப் பொறுத்தவரை பறவையின் பிரச்சினையையும் மனிதரின் பிரச்சினையையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே என் கருத்து. அவருக்கு அன்று சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது மன்னார் எருக்கலம்பிட்டியில். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அன்றிலிருந்து புத்தளம்தான் எமக்கு ஊர். இங்கேயே படித்தேன், இங்கேயே படிப்பிக்கிறேன்.

நாங்கள் வெளியேறிய அதே ஒக்டோபர் மாதத்தில்தான் வடக்கே இருந்து வலசைப் பறவைகள் மன்னாருக்கு வந்து சேர்கின்றன என்பதை ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் பயின்றபோதே அறிந்துகொண்டேன். ஊரில் இருந்த காலத்தில் அவை எங்களுக்கு “மாரிக்கு வாற பறவைகள்”, அவ்வளவுதான். என் பெரியவாப்பா உள்ளானுக்குக் கண்ணி வைப்பார். அது கறிக்கு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பறவைகளுக்கு நேர்ந்த தீங்கில் எம் பங்கு எதுவும் இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

கடைசித் தரிப்பிடம்

ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையிலிருந்து இந்து சமுத்திரத் தீவுகள் வரை ஏறத்தாழ 30 நாடுகளுக்கு மேலாகச் செல்லும் வான்பாதையை மத்திய ஆசிய வலசைப் பாதை என்கிறார்கள். இந்தியாவைத் தாண்டி வரும் பறவைகளுக்கு அப்பாதையில் வரும் கடைசிப் பெருநிலம் இலங்கை. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை கடல்தான். இங்கே இடம் கெட்டுவிட்டால் இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்க்கலாம் என்று அவற்றுக்கு வேறு வழி கிடையாது.

இது வெறும் ஊகமல்ல. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்து ஜி.பி.எஸ். கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று ஆர்க்டிக் வரை பறந்து சென்று, மறுபடியும் மன்னாருக்கே திரும்பி வந்தது. பல ஆயிரம் கிலோமீற்றர் தூரம் போய்வந்தும் அது தன் பழைய கரையைத் தவறவிடவில்லை.

தள்ளாடியிலிருந்து மன்னார்த் தீவுக்குப் போகும் வீதியின் இரு மருங்கிலும் தெரியும் நீர்ப்பரப்பும் சேற்றுத் தரையும் வங்காலைச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. 4,839 ஹெக்டயர் பரப்புள்ள இந்த இடம் 2008 இல் சரணாலயமாகவும், 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 20,000 இற்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் தங்கும் இடம் என்பது அந்த அங்கீகாரத்துக்கான காரணங்களில் ஒன்று. பூநாரைகள், ஊசிவால் வாத்துகள், மூக்கன்கள், ஆலாக்கள் எல்லாம் மாரி காலத்தில் இங்கே கூடுகின்றன.

சுடாமலே விரட்டலாம்

பறவைகள் குறைகின்றன என்றதும் வேட்டைதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் எவரும் துப்பாக்கி தூக்காமலே ஒரு பறவைக் கூட்டத்தை நிரந்தரமாக விரட்டிவிடலாம். அதற்கு எங்கள் நாட்டிலேயே உதாரணம் உண்டு.

அம்பாந்தோட்டை மாவட்டத்தின் பூந்தல, இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலம். ஒரு காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடிய இடம் அது. பூநாரை ஆழம் குறைந்த உப்பு நீரில் வாழும் நுண்ணிய உயிரினங்களை வடித்து உண்ணும் பறவை. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் அங்குள்ள மலல, எம்பிலிகல களப்புகளுக்குள் வந்து சேர்ந்தது. களப்பின் உவர்த்தன்மை குறைந்தது. பூநாரையின் உணவு அற்றுப் போக, பறவையும் போய்விட்டது. வேலி இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, காவலர்கள் இருக்கிறார்கள். பூநாரையை மட்டும் அங்கே காண்பது அரிதாகிவிட்டது. அதற்கு யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. நீரை எங்கே திருப்புகிறோம் என்று முன்கூட்டியே யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

புத்தளம் களப்போரத்தில் இருப்பவர்களுக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் வெட்டப்பட்டன. நோய் வந்ததும் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. இறாலும் இல்லை, கண்டலும் இல்லை. கண்டல் வேர்களுக்கிடையே வளரும் மீன்குஞ்சை நம்பியிருந்தது கொக்கு மட்டுமா? களப்பில் வலை வீசுபவனும் அதைத்தானே நம்பியிருந்தான்!

உலகம் வெப்பமாவது இவை எல்லாவற்றுக்கும் மேலான மாற்றம். ஆர்க்டிக்கில் பனி முன்கூட்டியே உருகுவதால், குஞ்சுகள் பொரிக்கும் நேரத்துக்குள் பூச்சிகள் பெருகி ஓய்ந்துவிடுகின்றன. வெப்பமான ஆண்டுகளில் அங்கே பிறந்த ஒருவகை உள்ளான்கள் சிறிய உடலோடும் குறுகிய அலகோடும் வளர்ந்ததை 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் மொரித்தானியாக் கரையில் சேற்றுக்குள் ஆழப் புதைந்திருக்கும் மட்டிகளை அந்த அலகால் எட்ட முடியவில்லை. ஆர்க்டிக்கில் ஏற்பட்ட மாற்றத்துக்கான விலையை அந்தப் பறவை ஆபிரிக்காவில் கட்டுகிறது. உலகப் பறவை இனங்களில் ஏறக்குறைய பாதி எண்ணிக்கையில் குறைந்து வருவதாக 2022 இல் சர்வதேசப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃப் அறிவித்தது.

காற்றாலை நல்லதா, கெட்டதா?

இங்கேதான் மன்னார் விவகாரம் சிக்கலாகிறது. பூமி வெப்பமாவதைக் குறைக்க வேண்டுமென்றால் நிலக்கரியை விட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் மாறத்தான் வேண்டும். புத்தளம் மாவட்டத்தில் வாழும் எனக்கு இதை யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 900 மெகாவோட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் எம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2030 இல் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. மன்னாரில் காற்று வளம் இருக்கிறது. இதுவரை எல்லாம் சரி.

மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபையின் “தம்பபவனி” 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், 103.5 மெகாவோட். அடுத்து அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவோட் திட்டத்தோடு வந்தது. சூழலியல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது. பறவைகளுக்குக் கிடைத்த வெற்றி என்று சிலர் மகிழ்ந்தார்கள். ஆனால் அது விலகியது மின்சாரத்தின் விலையை மீளாய்வு செய்ய அரசு முற்பட்டதை அடுத்துத்தான். இந்த இடம் இதற்குப் பொருத்தமானதா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவே இல்லை.

விடை கிடைக்காத கேள்வி திரும்பி வரத்தானே செய்யும். 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கான பாகங்கள் தீவுக்குள் கொண்டுவரப்பட்டபோது மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் இடைநிறுத்தச் சொன்னார். பின்னர் வேலைகள் மீண்டும் தொடங்க, செப்டெம்பர் இறுதியில் பொலிஸாருக்கும் மக்களுக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. மழைநீர் வடிந்தோட வழியில்லாமல் ஊருக்குள் வெள்ளம் நிற்கிறது, கரையில் மீன்பாடு குறைந்துவிட்டது என்பவை மக்களின் முறைப்பாடுகள். பூந்தலவின் கதையை நினைத்துப் பாருங்கள். நீரின் ஓட்டம் மாறினால் முதலில் பறவை போகும். அடுத்து யாருடைய முறை?

பறவைகளுக்குச் சுழலும் இறக்கைகளால் மட்டும் ஆபத்தில்லை. தீவிலிருந்து மின்சாரத்தை வெளியே கொண்டு செல்லும் உயர் அழுத்தக் கம்பிகளும் ஆபத்தானவை. பூநாரைகள் பெரும்பாலும் இரவில் இடம் மாறுபவை. இருட்டில் கம்பி தெரியாது. வங்காலைப் பகுதியில் கம்பிகளில் மோதிப் பூநாரைகள் இறந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம்.

இதற்குத் தீர்வுகளே இல்லை என்பதும் தவறு. நோர்வேயின் ஸ்மோலா தீவில் காற்றாலையின் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்குக் கறுப்பு வர்ணம் பூசியபோது பறவை இறப்பு சுமார் 70 சதவீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது. மன்னாரில் காற்று மிகப் பலமாக வீசுவது மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில். வலசைப் பறவைகள் பெருமளவில் இருப்பதோ ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை. ஆகவே பறவைகள் கூட்டமாக நகரும் நாட்களில் காற்றாலைகளை நிறுத்தி வைத்தாலும் பெரும் நட்டம் வந்துவிடாது. ஆனால் எந்த வர்ணமும் எந்த நேர அட்டவணையும் தவறான இடத்தில் நட்ட கோபுரத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்தாது. வீதியும் அத்திவாரமும் வருடம் முழுவதும் அங்கேயே இருக்கும். இலங்கையில் காற்று வீசும் இடம் மன்னார்த் தீவு ஒன்றுதானா?

ஒரே அளவுகோல் வேண்டும்

இனி எம் சமூகத்தின் மௌனத்துக்கு வருகிறேன். அதற்குக் காரணம் உண்டு. “சூழல்” என்ற சொல்லை நாம் முதலில் கேட்டது எமக்கு எதிராகத்தான்.

மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் இருபது வருடங்களுக்கு மேல் அகதிகளாக இருந்தார்கள். ஆளில்லாத காணிகளில் காடு வளர்ந்தது. 2012 இல் அப்பகுதிகளில் ஒரு பங்கு ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் வந்தது. திரும்பி வந்தவர்கள் 2015 இல் “வில்பத்துவை அழிப்பவர்கள்” ஆனார்கள். 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு காட்டுப் பகுதியில் மீள மரம் நடுமாறு உத்தரவிட்டது. அந்த வழக்கின் சட்ட நியாயங்களை நான் இங்கே விவாதிக்க வரவில்லை. எம் மக்கள் மனதில் பதிந்தது ஒன்றுதான்: மரத்துக்காகப் பேசுபவர்கள் எமக்காகப் பேசுவதில்லை.

இந்த மனக்காயம் உண்மையானது. ஆனால் அதிலிருந்து நாம் எடுத்த முடிவு பிழை. மரமும் பறவையும் எமக்கு எதிரி என்று ஒதுங்கிவிட்டோம். உண்மையில் நாம் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று. அகதி தன் காணியைத் துப்பரவு செய்யும்போது எடுக்கப்படும் அளவுகோல், சரணாலயத்தின் ஓரத்தில் ஒரு கம்பனி கோபுரம் நடும்போது எங்கே போகிறது? 2016 இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட விடத்தல்தீவில் 168 ஹெக்டயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்க 2024 இல் ஒரு வர்த்தமானி போதுமாக இருந்தது. அதை உயர் நீதிமன்றம் இடைநிறுத்த வேண்டியிருந்தது. மீள்குடியேறிய ஏழைக்கு இப்படி ஒரு வர்த்தமானி இவ்வளவு இலகுவில் கிடைக்குமா?

ஒரே அளவுகோல் வேண்டும் என்று கேட்கும் தகுதி, பறவைக்காகவும் பேசுபவனுக்கே உண்டு. 2018, 2019 இல் கொழும்புக் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவர முற்பட்டபோது புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்றோம். நாடே எமக்காகப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தோம். நாடு பேசவில்லை என்று வருந்தினோம். மன்னார் மக்கள் வீதியில் நின்றபோது நானிருக்கும் வட்ஸ்அப் குழுக்களில் ஓரிரு படங்களுக்கு மேல் எதுவும் வரவில்லை. அந்தக் குழுக்களில் இருப்பவர்களில் பாதிப்பேர் மன்னாரில் பிறந்தவர்கள்.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக அல்லாமல், மன்னார்த் தீவு முழுவதும் இன்னும் எத்தனை கோபுரங்களைத் தாங்கும் என்ற ஒட்டுமொத்தச் சுற்றாடல் மதிப்பீட்டைக் கேட்போம். இப்போதுள்ள காற்றாலைகளிலும் கம்பிகளிலும் எத்தனை பறவைகள் இறந்தன என்ற விபரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடச் சொல்வோம். மன்னாரில் காணியும் வாக்கும் உள்ள நாம், எம் அரசியல்வாதிகளிடம் வீதியும் வீடும் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்போம்.

எம் கையில் இருப்பதையும் செய்வோம். மாரியில் கண்ணி வைப்பதும் வலை கட்டுவதும் இன்னும் எம் கிராமங்களில் நடக்கிறது. அதை நிறுத்தச் சொல்லப் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எம் பாடசாலை மாணவர்களையும் அதில் சேர்க்கலாம். அதற்கு ஒரு தொலைநோக்கியும் ஒரு கொப்பியும் போதும்.

சென்ற மாரியில் என் மகனை எருக்கலம்பிட்டிக்குக் கூட்டிப்போனேன். வங்காலை தாண்டும்போது பஸ் ஜன்னலால் பூநாரைக் கூட்டத்தைக் காட்டினேன். “இதுகள் எங்கிருந்து வாப்பா வருது?” என்று கேட்டான். தெரிந்ததைச் சொன்னேன். “ஒவ்வொரு வருஷமும் வருமா?” என்று கேட்டான். அதற்கும் ஆம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் அவன் பிள்ளைகள் காலத்திலும் உண்மையாக இருக்குமா என்பதைப் பறவைகள் தீர்மானிக்கப் போவதில்லை. தீவின் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, கோபுரம் எங்கே நிற்கிறது என்பதை முடிவு செய்பவர்களும், அந்த முடிவின்போது வாய் திறந்தவர்களும் வாய் மூடி நின்றவர்களும்தான் தீர்மானிப்பார்கள். ஆசிரியர் அறையில் கேட்கப்பட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.