மலையில் மண் காப்பவருக்கு நிதி சேர வேண்டும்: கோமுகிப் பாசன உழவர்களின் நிலைப்பாடு

கோமுகி அணைத் தண்ணீரில் பயிர் செய்பவர்களும், அந்த அணைக்குத் தண்ணீர் தரும் கல்வராயன் மலையில் பயிர் செய்பவர்களும் எங்கள் சங்கத்தில் இருக்கிறோம். அரசின் வேளாண் திட்ட நிதியும் மண்வளப் பாதுகாப்பு நிதியும் எங்கள் பகுதியில் யாரைச் சேர வேண்டும் என்பதில் எங்கள் நிலைப்பாடு இது: மலைச்சரிவில் மண்ணையும் மரத்தையும் காக்கும் உழவருக்கு, அந்த வேலைக்கான தொகையை அரசு நேரடியாகக் கொடுக்க வேண்டும். பட்டா இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

அணையும் மலையும்

கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையில் 46 அடி வரை, ஏறத்தாழ 560 மில்லியன் கன அடி தண்ணீர் தேக்கலாம். பழைய பாசனம், புதிய பாசனம் இரண்டிலுமாக 10,000 ஏக்கருக்கு மேல் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கல்படை, பொட்டியம், மல்லிகைப்பாடி, பரங்கிநத்தம் ஓடைகள் வழியாக இறங்கி அணைக்கு வருகிறது. மலையில் மண் கரைந்தால் அது வண்டலாக வந்து படிவதும் இதே அணையில்தான். வண்டல் சேரச் சேர, தண்ணீர் நிற்கும் இடம் குறைகிறது.

மலை நிலத்தில் சாமையும் தினையும் நெருக்கமாக முளைத்துச் சீக்கிரமே தரையை மூடிக்கொள்ளும். மரவள்ளி அப்படியல்ல. கரணை நட்டு முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்குச் செடிகளுக்கு இடையே தரை வெறுமையாகவே கிடக்கும். கிழங்கு பிடுங்கும்போது மண் மறுபடியும் கிளறப்படும். அந்த நேரத்தில் ஒரு பெருமழை பெய்தால் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு இருக்கும் நிலத்தில், வரப்பின் மேல்பக்கம் மண் தங்கிப் படிவதைக் கண்ணால் பார்க்கலாம். கல் பொறுக்கி அடுக்கவும் ஆண்டுதோறும் சரிந்ததை எடுத்துக் கட்டவும் ஆட்கூலி ஆகிறது. இன்று அந்தச் செலவு முழுவதும் மலை உழவர் தலையில்தான் விழுகிறது. பலனில் ஒரு பங்கு அணைக்குக் கீழே பயிர் செய்பவர்களுக்கு வருகிறது.

மரவள்ளியைக் கைவிடுங்கள் என்று மலை உழவர்களிடம் சொல்ல நாங்கள் தயாராக இல்லை. கையில் காசு பார்க்க அவர்களுக்கு இருக்கும் பயிர் அது. மண்ணைக் காத்துக்கொண்டே அதைப் பயிரிட உதவி வேண்டும் என்கிறோம்.

திட்டங்கள் நிற்கும் இடம்

பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிடைக்கிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. இவை நல்ல திட்டங்கள். ஆனால் முதலில் கேட்கப்படுவது சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்குப் பல குடும்பங்களிடம் காகிதம் இல்லாததற்கு அந்த வரலாறும் ஒரு காரணம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும், சென்னை உயர் நீதிமன்றம் விதித்திருந்த கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2016-இல் நீக்கும்வரை தமிழ்நாட்டில் உரிமை ஆவணம் வழங்கும் பணி முடங்கிக் கிடந்தது.

2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் மலைவாழ் உழவர் முன்னேற்றத் திட்டத்தை அரசு அறிவித்ததை வரவேற்கிறோம். 63,000 உழவர்களுக்கு 22.80 கோடி ரூபாய் என்றால், தலைக்கு 4,000 ரூபாய்கூட வராது. தொடக்கத்துக்கு இது சரி. ஒரு நிலத்துக்குக் கல் வரப்புப் போட இது போதாது.

எங்கள் கோரிக்கைகள்

1. கல் வரப்பு, சம உயர வரப்பு, ஓடைத் தடுப்பு, வரப்போர மரங்கள் ஆகியவற்றை அமைப்பதற்கும் ஆண்டுதோறும் பராமரிப்பதற்கும் ஏக்கர் கணக்கில் காப்புத் தொகை தர வேண்டும். விளைநிலங்களில் நட்ட மரக்கன்று உயிரோடு இருந்தால் ஊக்கத்தொகை தரும் வழக்கம் பசுமைப் போர்வைத் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மண் காப்புக்கும் அதே முறை வரட்டும்.

2. வன உரிமை ஆவணம் வைத்திருப்பவரைப் பட்டாதாரருக்குச் சமமாக எல்லா வேளாண் திட்டங்களிலும் சேர்க்க வேண்டும். வன உரிமை விதிகளில் 16-ஆவது விதி இதைத்தான் சொல்கிறது.

3. வன உரிமை கோரும் மனு நிலுவையில் உள்ளவர்களுக்குக் கிராம சபையின் சான்றை ஏற்று, காப்புப் பணிக்கான தொகையை மட்டுமாவது வழங்க வேண்டும்.

4. தரையை மூடி மண்ணைக் காக்கும் சாமை, தினையோடு கேழ்வரகையும் மலையிலேயே கொள்முதல் செய்ய வெள்ளிமலையில் நிலையம் வேண்டும்.

ஆக்கிரமிப்பு பெருகும் என்பவர்களுக்கு

பட்டா இல்லாதவருக்குப் பணம் கொடுத்தால் காடு அழியும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். காட்டின் மீது அக்கறை கொண்ட அச்சம் அது, அதை மதிக்கிறோம். ஆனால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலத்தைப் பயன்படுத்தி வருபவருக்குத்தான் வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. புதிதாக வெட்டிய காட்டுக்கு எங்கள் கோரிக்கையில் இடமில்லை. வரப்பு நிற்கிறதா, மரம் உயிரோடு இருக்கிறதா என்று கிராம சபையும் வேளாண்மைப் பொறியியல் துறையும் சேர்ந்து பார்த்த பிறகே தொகை கொடுக்கட்டும்.

மாவட்ட நிர்வாகமும் வேளாண் துறையும் வனத் துறையும் ஒரே மேசையில் அமர்ந்து, அடுத்த பருவமழைக்குள் ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்பிலாவது இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சமவெளி உழவர்களே, மாதாந்திரக் குறைதீர் கூட்டத்தில் மதகையும் வாய்க்காலையும் பற்றிப் பேசும்போது மலையையும் சேர்த்துப் பேசுங்கள். அங்கே மண் நின்றால்தான் இங்கே நம் வயலுக்குத் தண்ணீர் வரும்.