வேட்டை வேறு, ஒழிப்பு வேறு

ஐக்கிய அமெரிக்காவில் மான் வேட்டைக்கென்றே நிலத்தில் தீவனம் பயிரிடுவோர் பலர். மான் வேட்டைக்குப் பருவமும் வரம்பும் உண்டு. அதை நாம் குறைகூறோம். காட்டுப்பன்றியின் விஷயம் வேறு. ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி அயலான் வயலை அழிக்கும். ஆண்டுக்கு இருமுறையும் ஈனும். வேட்டை இன்பத்துக்காகவே பன்றிகளைக் கொணர்ந்து அவிழ்த்துவிட்ட புண்ணியவான்களும் உண்டு!

இதையுணர்ந்தே மிஸூரி மாகாண இயற்கைப் பாதுகாப்பு இலாகா, 2016-ல் தன் நிலங்களில் பன்றி வேட்டையைத் தடுத்தது. கூட்டத்தை அடியோடு பொறியில் பிடிப்பதே வழியெனக் கொண்டது. வேட்டைக்காரரிற் சிலர் ஆட்சேபித்தனர். அவர்களுக்குப் பன்றி நாளையும் வேண்டும். குடியானவனுக்கோ விளைச்சல் வேண்டும். ஒருவரது பொழுதுபோக்குக்காக மற்றவரது பிழைப்பைப் பலியிடுவது எந்தச் சர்க்காருக்கும் தர்மமன்று. இலாகா செய்தது நியாயமே என்பது நமது துணிபு.