எட்டு மணி நேரம் எவர் தந்த கொடை?

எட்டு மணி நேர வேலைநாள் முதலாளிகள் ஈந்த கொடையன்று. 1891இல் எர்ஃபர்ட் நகரில் கூடிய ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சி அதைக் கோரியது. 1918இல் அங்கு அது விதியாயிற்று. அதே 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், சோசலிசத்தை மறுத்தபோதும், நியாயமான கூலியையும் சங்கம் சேரும் உரிமையையும் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார்.

1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கொண்டாடினார். ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் மசோதா நம் சட்டப்பேரவையில் நிறைவேறிற்று. எதிர்ப்பு எழவே, மே நாளன்று கைவிடப்பட்டது.

முதலீட்டுக்காக நேரம் நெகிழட்டும் என்கின்றனர். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் உலைமுன் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் உடல் நெகிழுமோ? சுற்றுமடலைப் போற்றும் நாம் சங்கத்தைக் கண்டு முகஞ்சுளிப்பது எந்த நீதி? கேட்டுப் பெற்றது, கேளாதிருந்தால் பறிபோகும்.