கழற்றிப் பார்த்த கை

எழுமலைப் பக்கம் கிணற்றை நம்பி வெள்ளாமை வைக்கிறவர்களுக்கு இரண்டு தயவு வேண்டும். ஒன்று மழையின் தயவு. இன்னொன்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரின் தயவு. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டால், மிச்சம் இரண்டும் சேர்ந்து முழுப் பாரத்தையும் இழுக்கும். கம்பி சூடேறி மேல்பூச்சு கருகும். "ரெண்டு பேஸ்ல ஓடி காயில் எரிஞ்சிருச்சுண்ணே" என்றபடி மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டிக்குப் போகிறவர்கள் இங்கே ஏராளம்.

அந்தப் பட்டறைக்காரர் கருகிய கம்பியை வெட்டி எடுப்பார். எத்தனை சுற்று, என்ன கேஜ் என்று குறித்துக்கொள்வார். பள்ளங்களில் காகிதம் செருகி, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார். சாயங்காலம் தண்ணீர் பாயும். கல்லூரிப் பக்கமே போகாதவராக இருப்பார். மின்னியல் படித்துப் பட்டம் வாங்கிய நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கு அதே மோட்டாரின் மூடியைத் திறந்த பழக்கம்கூட இருக்காது. நான்கு வருஷப் படிப்பில் எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஜி.டி. நாயுடு ஞாபகம் வருகிறார். கோவை மாவட்டம் கலங்கலில் 1893-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. ஊருக்குள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப்போட்டு, திரும்ப மாட்டினார்.

கழற்றியதைத்தான் எல்லோரும் வியந்து சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அது அவர் சொந்தக் காசில் வாங்கிய வண்டி என்பது. கெட்டுப்போனால் கேட்பாரில்லை. கழற்றிப் பார்க்கும் உரிமையை அவர் எச்சில் தட்டு எடுத்துச் சம்பாதித்துக்கொண்டார். நம் பிள்ளைகளுக்கு அந்த உரிமை கிடைப்பதில்லை. ரேடியோவைத் திறந்தவனுக்கு அடி விழுகிறது. புத்தகத்தை மனப்பாடம் செய்தவனுக்குப் பொறியியல் இடம் கிடைக்கிறது.

அதன்பின் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 1920-இல் ஒரே ஒரு பஸ், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும். ஓட்டியவரும் அவரே. அதுதான் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் மின்மோட்டார் செய்தார். இந்தியாவில் முதன்முதலாக உருவான மோட்டார்களில் அது ஒன்று. இன்று எழுமலைக் கிணறுகளில் ஓடும் மோட்டார்கள் பலவற்றில் கோவைப் பெயர் பொறித்திருப்பதற்கு விதை போட்டவர்களில் அவரும் ஒருவர். 1952-இல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் செய்து காட்டினார். அரசாங்கம் உரிமம் தரவில்லை. கார் தெருவுக்கு வரவில்லை.

நாயுடுவைக் காட்டி, "படிப்பே வேண்டாம்" என்று பேசுகிறவர்களும் உண்டு. அது அவருக்குச் செய்யும் அநியாயம். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு மூலமான ஆர்தர் ஹோப் கல்லூரி 1945-இல் எழுந்ததே அவர் முயற்சியால்தான். நான்கு வருஷம் வீண், இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார். அதிகாரிகள் ஒப்பவில்லை, விலகினார். இரண்டு வருஷம் போதும் என்பதில் எனக்கும் உடன்பாடில்லை. மின்சாரத்தோடு விளையாட முடியாது. கணக்கும் வேண்டும், காரணமும் தெரிய வேண்டும். ஆனால் அவர் எதிர்த்தது படிப்பை அல்ல, கை படாத படிப்பை.

1974-இல் அவர் காலமானார். அவர் சேர்த்த கருவிகளையும் வண்டிகளையும் மகன் கோபாலும் குடும்பத்தாரும் பாதுகாத்து, அவிநாசி சாலையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சொத்தைப் பங்கு போடுகிற வீடுகள் எத்தனையோ. அப்பாவின் ஆர்வத்தைப் பாதுகாத்த வீடு இது. 2025 அக்டோபரில் அதே சாலையின் 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயர் வைத்தார்கள். மரியாதைதான். ஆனால் பாலத்தில் காரில் பறப்பதால் ஒரு பிள்ளையும் பொறியாளன் ஆகிவிடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஓடாமல் கிடக்கும் மிக்சியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஒயரைப் பிளக்கோடு வெட்டிவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு சேர்த்து மகனிடமோ மகளிடமோ கொடுங்கள். கோடை விடுமுறையில் வைண்டிங் பட்டறையில் ஒரு மாதம் பக்கத்தில் நின்று பார்க்கவிடுங்கள். திரும்ப மாட்டி முடித்தபின் இரண்டு திருகு மிச்சமிருந்தால் திட்டாதீர்கள். எங்கே விட்டுப்போனது என்று பிள்ளையையே தேடச் சொல்லுங்கள்.