குளிர்க்காற்றுக்குப் பின்னால் நிற்பவர்

விரிவுரை மண்டபத்தில் குளிரூட்டி பத்து நிமிடம் நின்றால் போதும், குறிப்பேடுகள் எல்லாம் விசிறிகளாகிவிடும். "ஏர்கோன்காரர் ஏன் இன்னும் வரவில்லை?" என்ற கேள்வி நாலாப் பக்கமும் எழும். அவர் வந்து ஏணியில் ஏறிச் சரிசெய்துவிட்டுப் போன பிறகு, வந்தவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. குளிர்க்காற்று நமக்குத் தெரிகிறது. அதற்குப் பின்னால் நிற்கும் மனிதர் தெரிவதில்லை.

அலுவலகம், பேரங்காடி, மருத்துவமனை, தங்கும் விடுதி என வணிகக் கட்டடங்களின் குளிரூட்டிகளைப் பழுதுபார்ப்பவர்களில் நம்மவர்கள் நிறைய பேர். இந்தத் தொழிலில் ஆபத்து இருப்பது இயற்கைதான். ஆனால், அந்த ஆபத்தைப் பெரிதாக்குவது பெரும்பாலும் படித்தவர்கள் எடுக்கும் முடிவுகள் என்பது என் கருத்து. நாளை அந்த முடிவுகளை எடுக்கப் போகிறவர்கள் நாம் என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆபத்துகளைப் பார்ப்போம். பெரிய குளிரூட்டிகள் 400 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் இயங்குபவை. சுவிட்சை அடைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். தெரியாமல் தொட்டால் தூக்கி அடிக்கும். வெப்பநிலையை உணர்ந்து தானே இயங்கும் இயந்திரம் என்பதால், நின்றிருக்கும் விசிறி எந்த நொடியிலும் சுழலத் தொடங்கலாம்.

அடுத்தது 'கேஸ்'. ஆர்-410ஏ வாயு, பழைய ஆர்-22 வாயுவைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில் இயங்குகிறது. அதன் திரவம் தோலில் பட்டால் சதை உறைந்து புண்ணாகும். புதிய குளிரூட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-32 வாயுவோ மிதமாகத் தீப்பற்றக் கூடியது. இவை காற்றைவிடக் கனமானவை. அடைபட்ட இயந்திர அறையில் கசிந்தால் தரையோடு தங்கி, மூச்சுக்கான காற்றை வெளியே தள்ளிவிடும். குழாயில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்க உலர்ந்த நைட்ரஜனைத்தான் பயன்படுத்த வேண்டும். நைட்ரஜன் தீர்ந்துவிட்டது என்று பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் தோம்பை இணைத்தால், கம்பிரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடித்துவிடும்.

கூலிங் டவரைக் கழுவுபவருக்கு இன்னோர் ஆபத்து உண்டு. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே மர்மமான நுரையீரல் காய்ச்சல் பரவி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குக் காரணமான 'லெஜியனெல்லா' கிருமி மறு ஆண்டுதான் கண்டுபிடிக்கப்பட்டது. பராமரிப்பில்லாத கூலிங் டவரின் வெதுவெதுப்பான நீர் அந்தக் கிருமி வளர ஏற்ற இடம். நீர்த்துளிகளை முதலில் சுவாசிப்பவர், அதைக் கழுவப் போகும் தொழிலாளிதான்.

இவை அனைத்திற்கும் பாதுகாப்பு முறைகள் உள்ளன. மின்சாரத்தை அடைத்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்வது மிக எளிய முறை. பிறகு ஏன் அவை கடைப்பிடிக்கப்படுவதில்லை?

முதல் காரணம் இடம். நம் ஊர்க் கடைவீடுகளின் பின்சந்துக்குள் சென்று அண்ணாந்து பாருங்கள். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடிச் சுவரில் வெளிக்கருவிகள் வரிசையாகத் தொங்கும். அவற்றின் அருகே கால் வைக்க ஒரு திட்டு இருக்காது; பாதுகாப்புக் கயிற்றைக் கட்ட ஒரு கொக்கி இருக்காது. கருவியைப் பொருத்த இடம் தேடியவர்கள், அதைப் பழுதுபார்ப்பவர் எங்கே நிற்பார் என்று யோசிக்கவில்லை.

இரண்டாவது காரணம் பணம். பராமரிப்பு வேலைக்குக் கருவி ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் விலை பேசப்படுகிறது. மிகக் குறைந்த விலை கொடுப்பவருக்கே வேலை. அப்படியானால், பூட்டுப் போடவும் கயிறு கட்டவும் ஆகும் கால் மணி நேரம் தொழிலாளியின் கணக்கில்தான் நட்டமாக விழும்.

மூன்றாவது காரணம் அவசரம். என் பெரியம்மா மகன் கிள்ளானில் இந்தத் தொழில் செய்கிறார். ஒரு பேரங்காடியில் விசிறி வாரை மாற்றப் போனபோது, "வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், மின்சாரத்தை அடைக்காமல் செய்ய முடியாதா?" என்று நிர்வாகி கேட்டாராம். அண்ணன் மறுத்துவிட்டார். விரல் தப்பியது, ஆனால் அடுத்த மாதம் குத்தகை வேறொருவர் கைக்குப் போனது. "தம்பி, பயந்து வேலை செய்தால் சோறு உண்டு, பயந்து நிறுத்தினால் சோறு இல்லை" என்று அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

தொழிலாளர்களே கவனக்குறைவாக இருக்கிறார்கள் என்று சிலர் சொல்லலாம். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே கட்டாமல் ஏறுபவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், கவனமாக இருந்தவருக்கு வேலை போகும் சூழலில், கவனக்குறைவைத் தனிமனிதக் குற்றமாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது. மருத்துவமனையின் குளிரூட்டியை நினைத்தபோது நிறுத்த முடியாது என்பதும் உண்மைதான். அதற்காகத்தான் மாற்று இயந்திரமும் முன்கூட்டியே திட்டமிட்ட பராமரிப்பு நேரமும் இருக்கின்றன.

சட்டம் இப்போது தொழிலாளியின் பக்கம் சற்று நெருங்கி வந்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்தது. கடமை தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை அகற்றாவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையும் இதில் உண்டு. ஆனால், என் அண்ணனைப் போன்ற சிறு குத்தகையாளர், விலகிய பிறகு அடுத்த வேலை கிடைக்குமா என்றுதான் முதலில் எண்ணுகிறார். அந்த அச்சத்தைச் சட்டத்தால் மட்டும் போக்க முடியாது.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. நம்மிடையே பொறியியல் படிப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டட வரைபடத்தில் இயந்திரத்துக்கு மட்டுமன்றி அதைத் தொடப் போகும் மனிதனுக்கும் இடம் ஒதுக்குங்கள். கணக்கியல் படிப்பவர்கள் இருக்கிறார்கள். குத்தகை விலையில் பாதுகாப்புக்கெனத் தனி வரி ஒன்று சேருங்கள். நிர்வாகம் படிப்பவர்கள், "எத்தனை மணிக்கு இயந்திரத்தை நிறுத்தித் தர வேண்டும்?" என்று நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள்.

நம் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு நாம் நடத்தும் வழிகாட்டி முகாம்களில் மருத்துவரும் வழக்கறிஞரும் பேசுகிறார்கள். மலேசியத் திறன் சான்றிதழ் பெற்ற ஒரு குளிரூட்டித் தொழில்நுட்பரையும் அதே மேடையில், அதே வரிசை நாற்காலியில் உட்கார வையுங்கள். 'படிக்காவிட்டால் ஏர்கோன் கழுவத்தான் போவாய்' என்று மிரட்டப்பட்டு வளர்ந்த பிள்ளைகள், மின்சாரமும் வேதியியலும் இயற்பியலும் கலந்த அந்தத் தொழிலை அவர் வாயால் கேட்கட்டும்.

உழைப்பவரை மதிக்கிறோம் என்று மேடையில் சொல்வதற்குச் செலவில்லை. அவர் கால் வைக்க ஒரு திட்டும், பூட்டுப் போட ஒரு கால் மணி நேரமும் கொடுப்பதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவை ஏற்றுக்கொள்வதுதான் மதிப்பு. பட்டம் பெற்றுப் பதவிக்குப் போகும் நாம், நம் முதல் கையெழுத்திலிருந்தே அதைத் தொடங்குவோம்.